குசினிக்குக் கீழே

லிங்கநகரில், ஒடுங்கிய ஒழுங்கைப் பாதையொன்றுக்குள் அந்த வீடு, லொறியில் கடைசியாக இடித்து ஏற்றிய மூட்டையைப் போல இரண்டு மதில்களுக்கு நடுவில் நெருக்குப்பட்டு நின்றது. கைகளை விரித்தால் ஒரு கை வீட்டுச் சுவரிலும் மறுகை அயல் மதிலிலும் முட்டியது. மொத்தக் காணியே நாலு பேர்ச்சஸ். விலை எழுபத்தைந்து இலட்சம்.

கேட்டதுமே சோமசேகரத்துக்கு வாய் கசந்தது. இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் மா மூட்டை சுமந்து சேர்ந்த சேமலாப நிதியையும், சல்லிக் கிராமத்தில் இருக்கும் இருபது பேர்ச்சஸ் வளவையும் விழுங்கினால்தான் இதற்கு வயிறு நிரம்பும். ஆனால் மகள் லக்சனாவைப் பெண் கேட்டு வந்தவர்கள், ரவுனுக்குள் சீதன வீடு எழுதினால்தான் கல்யாணம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

“மேல ரெண்டு அறை, கீழ ஹோல், குசினி. மாபிளைப் பாத்தீங்களோ சோமண்ணை? முகம் தெரியும்,” என்றான் தரகன் தனஞ்சயன்.

“முகம் தெரியுது தம்பி. மூக்கும் வேலை செய்யுது. என்ன மணம் இது?”

“பூட்டிக் கிடந்த வீடண்ணை. சாம்பிராணி போட்டாப் போயிடும்.”

லக்சனா சால் முனையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

குசினி நடுவில் ஒரு புதுப் பாய் விரித்துக் கிடந்தது. சமைக்க ஆளில்லாத குசினியில் பாய்க்கு என்ன வேலை? சோமசேகரம் அதைக் காலால் ஒதுக்கினார். கீழே சதுரமாக ஒரு கொங்கிறீற் மூடி. விளிம்பால் இரண்டு கரப்பான்கள் ஓடின.

“தண்ணித் தொட்டி,” என்றான் தனஞ்சயன், கேட்காமலே.

சோமசேகரம் அவனிடம் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்கினார். நாற்பது வயதுக்குப் பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவர். ஓட்டமாக வாசிக்கத் தெரியாது. ஒரு சொல்லைத் தாண்டிப் போகவும் தெரியாது. “கிழக்கு வீட்டாரின் மலகூடக் குழிப் பாவனை உரிமைக்கு உட்பட்டது” என்ற வரியில் விரல் நின்றது.

“இதென்ன தம்பி?”

“அது... முந்தி ஒரே வளவண்ணை. தகப்பன் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளுக்கும் பாதி பாதியாச் சீதனம் குடுத்தவர். காணியைப் பிரிக்கலாம், குழியைப் பிரிக்க ஏலாதுதானே. பிறகு இந்த வீட்டுக்காரர் அதுக்கு மேலால குசினியை இழுத்துக் கட்டிப்போட்டினம். சும்மா பேப்பரில கிடக்கிற கதை.”

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அங்கால் யாரோ வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். மூவரின் காலடியிலும் களகளவென்று ஓடி, தொபுக்கென்று விழுந்தது. மூடி விளிம்பால் நாற்றம் குபீரென்று ஏறியது.

“உன்ர பேப்பர் கதைக்குது,” என்றார் சோமசேகரம்.

“விலையில ஒரு அஞ்சு குறைப்பிக்கலாம்...”

“பீக்கும் பங்கு வைச்சு உறுதி முடிக்கிறீங்களடா! மாப்பிளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வா. இந்த மூடிக்கு மேல இருந்து ஒரு நேரச் சோறு தின்னட்டும். திண்டினமெண்டா வாங்கிறன்.”

அப்போதுதான் லக்சனா வாய் திறந்தாள். “தின்னுவினம் அப்பா. வீடு கைக்கு வருமெண்டா, மணம் நல்லாயிருக்கு எண்டும் சொல்லுவினம்.”

சோமசேகரம் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

“உனக்கு எப்பிடிப் பிள்ளை?”

“எனக்கு ஓங்காளிச்சுச் சத்தி வருது.”

“வீட்டாலயோ, அவையாலயோ?”

“ரெண்டாலயும்.”

உறுதிப் பிரதியைத் தரகனின் சட்டைப் பையில் செருகிவிட்டு அவர் வெளியே வந்தார். ஒழுங்கை மணலில் இருவரும் செருப்புகளை நன்றாகத் தேய்த்துவிட்டு, சல்லி பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்கள்.