நெற்றியில் ஒட்டிய மாவு

2019ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை. காலையில் கடும் வெயில். நண்பகலில் காற்று நின்றது. பிற்பகலில் சிறு தூறல் விழுந்து ஓய்ந்தது. அது ஓய்ந்தபோது, பாலுகாயன் ஊரில் பகல் உறக்கத்திலிருந்து எழுந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருடைய நெற்றியில் கோதுமை மாவு ஒட்டியிருந்தது. ஒரு கையின் விரல் முட்டிகள் அதில் தெளிவாகப் பதிந்திருந்தன. கலமான்சி என்னும் சிறு எலுமிச்சையின் சாறு, தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்க்கப்பட்டும் அது நீங்கவில்லை. மாலைக்குள் சந்தையில் தொப்பிகள் விற்றுத் தீர்ந்தன. ரியாத் நகரில் செவிலியராகப் பணிபுரிந்த இவ்வூர்ப் பெண் ஒருத்தியும் அதே அடையாளத்துடன் தன் தாய்க்குப் படம் அனுப்பினாள்.

இதற்கு முந்தைய நிகழ்ச்சிகள் பின்வருமாறு. ஆண்டுதோறும் மே மாதத்தின் கடைசி ஞாயிறன்று, திருச்சிலுவையைக் கண்டெடுத்த எலெனா அரசியின் நினைவாக இங்கே ஊர்வலம் நடைபெறும். அரசியாக நடக்கும் பெண்ணைக் கோவிலிலுள்ள கண்ணாடிச் சாடியிலிருந்து சீட்டெடுத்துத் தெரிவு செய்வர். ஒரு பெண்ணுக்குப் பதினாறு வயதானதும் சாடியில் சீட்டு போடப்படும்; திருமணம் ஆனதும் அது வெளியே எடுக்கப்படும். ரொட்டிக் கடை டெல்ஃபினா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆகையால் அவருடைய சீட்டை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஐம்பத்தெட்டாம் வயதில் அது வந்தது. பெருத்த உடலும், முன்வாயில் ஒரு பல் இல்லாத சிரிப்பும் உடைய அவர், மாவுக் கையோடு கோவிலுக்கு ஓடிச்சென்று, தம் பெயரைத் தாமே ஒருமுறை உரக்கப் படித்தார். அன்று கடைக்கு வந்த அனைவருக்கும் ஒரு ரொட்டி கூடுதலாகக் கிடைத்தது.

அன்று மாலையே அவருடைய படம் ஊர் முகநூல் குழுவில் இடப்பட்டது. அதன் கீழே ‘இருள் இளவரசன்’, ‘நேர்மைத் தங்கை’, ‘பெயரில்லாப் புயல்’ முதலிய பெயர்களில் பலர் எழுதத் தொடங்கினர். கிரீடம் வைத்த எருமை என்றனர். பல்லில்லாத அரசிக்குக் கஞ்சி ஊட்டுவது யார் என்று கேட்டனர். அரசியின் தலைக்கு மேல் பிடிக்கும் பூ வளைவைத் தூக்க ஆட்கள் போதாது, கிரேன் வரவழையுங்கள் என்று ஒருவர் எழுதியதை ஊரே விரும்பியது. டெல்ஃபினா ஒவ்வொன்றையும் படித்தார். இத்தனை அயலார் தம்மை எங்கிருந்து அறிந்தார்கள் என்று வியந்தார். அந்த வாரம் அவர் பிசைந்த மாவு உப்பவே இல்லை. ஊர் தட்டையான ரொட்டியைத் தின்றது. வியாழக்கிழமையன்று ஊர்த்தலைவி கப்பித்தானா நெனிதாவிடம் சென்று, ஊர்வலத்தில் தாம் நடக்கப்போவதில்லை என்றார்.

“மனசுல வெச்சுக்காதீங்க, ஆலிங். ஊர் வாய்தானே,” என்றார் கப்பித்தானா, மூத்த பெண்களை விளிக்கும் மரியாதைச் சொல்லோடு. முடிவை மாற்றிக்கொள்ளும்படி மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் பகலுணவுக்குப் பின், மாவு மேசையிலேயே தலை சாய்த்து உறங்கிய டெல்ஃபினா கனவொன்று கண்டார். கடை வாசலில் முகமில்லாத மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் முன்னே வந்து, எழுதியதை அவர் எதிரில் சொல்ல வேண்டும். கனவின் விதி அது. ஆயினும், மூத்தவர் எதிர்ப்பட்டால் அவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வது பாலுகாயனில் பிறந்தவர்களுக்கு நடக்கும் முன்பே பழகிவிடும். எனவே வசைபாட வந்தவர்களும் முதலில் குனிந்து, மாவு படிந்த அவர் புறங்கையை நெற்றியில் ஒற்றினார்கள். பிறகு நிமிர்ந்து, “நீங்க கிரீடம் வெச்ச எருமைங்க, ஆலிங்,” என்று பணிவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். வரிசை நெடுநேரம் நீண்டது. விழித்தபோது மேசையெங்கும் மாவு கிடக்க, அவருடைய வலது புறங்கை மட்டும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

சிற்றுண்டி வேளையில் முதலில் வந்தவர் கப்பித்தானா.

“என்ன கப்பித்தானா, வெயில்தான் போயிடுச்சே, இன்னும் எதுக்குத் தொப்பி?”

“தலைவலிங்க, ஆலிங்.”

“கழட்டுங்க, காத்துப் படட்டும்.”

கப்பித்தானா கழற்றவில்லை, ரொட்டியை மறந்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவர்கள் கைக்குட்டையாலும் குடையாலும் மறைத்தார்கள். டெல்ஃபினாவுக்கு விளங்கியது. அயலார் ஒருவரும் இல்லை; எல்லாரும் நாள்தோறும் வணக்கம் சொல்லி ரொட்டி வாங்குபவர்களே. முதலில் அது அதிகமாக வலித்தது. பிறகு அவர்களுடைய தொப்பிகளைப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

கடைசியாக, அரசிக்குரிய கவுனைத் தைத்துக்கொண்டிருந்த தம்பி மகள் மரிவிக், தலையில் துண்டு சுற்றிக்கொண்டு வந்தாள். அவளுடைய சீட்டும் அந்தச் சாடியில் இருந்தது.

“தித்தா,” என்றாள், அத்தையை நிமிர்ந்து பாராமல். “எல்லாரும் எழுதினாங்க. நானும் எழுதிட்டேன்.”

“கிரேன் உன்னுதா?”

மரிவிக் தலையசைத்தாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கே. ஊரே சிரிச்சுது.”

“எனக்கு வந்திருக்கணும் தித்தா அந்தச் சீட்டு. அந்தக் கடுப்பு.”

“அதை இங்க வந்து சொல்லியிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு ரொட்டி குடுத்திருப்பேன். போன்ல கை இல்லடி. கை இருந்திருந்தா முதல்ல நெத்தியைத்தான் வெச்சிருப்பே.”

“மன்னிச்சுட்டீங்களா?”

“இன்னும் இல்ல. கவுன் எங்க?”

“நீங்க நடக்கலைன்னு கப்பித்தானா சொன்னாங்க.”

“அது நேத்து. இடுப்புல ரெண்டு அங்குலம் தளர்த்து. நான் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் நடப்பேன். அப்புறம், வளைவைப் பிடிக்க நீ வா. கப்பித்தானாவையும் கூப்பிடு. துண்டு, தொப்பி எதுவும் கூடாது.”

அன்று மாலை பிசைந்த மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி உப்பியது.

நெற்றி அடையாளம் இன்றளவும் யாருக்கும் நீங்கவில்லை. இரண்டாண்டுகளில் தொப்பி அணியும் வழக்கம் ஒழிந்தது. அடையாள அட்டைப் படங்களில் அது மச்சத்தைப் போல் இடம்பெற்றது. எப்போதாவது ஒருவர் புதிதாக மாவுடன் எழுந்தால், தேய்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அண்டை வீட்டார் சொல்லிவிட்டு, அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அவருடைய வீட்டுக்கு வழிகாட்டுவர். பாலுகாயன் மக்கள் பிற ஊர்களில் இதை மறைப்பதில்லை. எங்கள் ஊரில் யார் எழுதினார் என்பது தெரியும் என்று பெருமையாகவே சொல்கிறார்கள்.

அந்த 2019ஆம் ஆண்டு மே இருபத்தாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊர்வலம் புறப்பட்டது. சம்பகீட்டா மலர் வளைவைக் கப்பித்தானா, மரிவிக் உட்பட நால்வர் திறந்த நெற்றியுடன் தூக்கினர்; கிரேன் தேவைப்படவில்லை. வழியெங்கும் கைபேசிகள் உயர்ந்து, பின் தயங்கித் தாழ்ந்தன. “எடுங்க, எடுங்க. இந்தப் பக்கம்தான் வெளிச்சம் நல்லா விழுது,” என்று டெல்ஃபினா முகத்தைத் திருப்பிக்காட்டி, பல் இல்லாத இடமும் தெரியச் சிரித்தார். கோவில் வாசலை அடைந்ததும் நின்று, வலக்கையிலிருந்த வெள்ளைக் கையுறையைக் கழற்றி, கையை நீட்டினார். யாரும் சொல்லாமலே வரிசை உருவானது. இம்முறை எல்லாருக்கும் முகம் இருந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து, பழைய அச்சின் மேலேயே நெற்றியை ஒற்றினார்கள். வசை ஏதும் சொல்லாமல் நகர்ந்தார்கள். கடைசியில் நின்ற மரிவிக் சற்று நேரம் நெற்றியை எடுக்கவில்லை. டெல்ஃபினாவும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதன்பின், விடியற்காலை ரொட்டிக்கு மாவு பிசைய வேண்டியிருந்தமையால், அரசி கிரீடத்தோடே வீட்டுக்கு நடந்தார். அப்போது இரவு எட்டு மணி இருபத்தாறு நிமிடம்.