நீலமீனின் பொந்து

வருடக்கணக்காகக் கலைக்காத கடல்மீன் தொட்டிக்குள் பவ்மி கையை விட்டுக் கற்களை இடம் மாற்றினான். பழைய நீலமீன் தன் கற்பொந்தருகே வந்த புதிய மீன்களைக் கடித்துத் துரத்தியது.

"பொந்து மாறிப் போனா இது அடங்கிரும்," என்றான்.

அவன் மனைவி றம்ஸியா சோபாவைப் பார்த்தாள். ஒரு கிழமை தங்கவென்று ஹாலிஎலயிலிருந்து வந்த அவனுடைய மூத்த சகோதரர், நானா, நோன்புக்கு முன்பிருந்து பெருநாள் கழிந்தும் அதில் படுத்திருந்தார். மேசை போட இடமில்லாமல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படித்தார்கள்.

"ஒங்கட வீரமெல்லாம் மீன்கிட்ட மட்டுந்தான்."

"மெதுவாப் பேசு. நானாக்குக் கேக்கும்."

நானா முடி வெட்டப் போனதும், அவளும் பிள்ளைகளும் சோபாவைப் பின்கொட்டிலுக்கு இழுத்துப் போனார்கள். அந்த இடத்தில் படிப்பு மேசையைப் போட்டார்கள். பவ்மி உதவவில்லை.

திரும்பி வந்த நானா கூடத்தின் நடுவில் திகைத்து நின்றார். தொட்டியில் நீலமீனும் அப்படித்தான் நின்றது. பவ்மி மீனை மட்டும் பார்த்தான்.