சமையலறையில் ஐந்து நிமிடம்

அம்மாவிடம் நான் சொன்ன முதல் பொய் ரொம்பச் சின்னது. "யார் கூடடி சாப்பிட்ட?" என்று கேட்டாள். "எல்லார் கூடவும்தாம்மா" என்றேன். என் அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துத் தன்னந்தனியாகச் சாப்பிட்டு முடித்திருந்தேன். கைகூட இன்னும் கழுவவில்லை.

எங்கள் கல்லூரியிலிருந்து வருடத்துக்கு இரண்டு பேரை ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பரிமாற்ற மாணவர்களாக அனுப்புவார்கள். பத்து மாதம் படித்துவிட்டுத் திரும்ப வேண்டும். என்னோடு தேர்வானவளுக்குக் கடைசி வாரத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதனால் நான் ஒண்டியாக விமானம் ஏறினேன். கிளம்பும் முன் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, "உலகம் பூரா உனக்கு ஃபிரெண்ட்ஸ் கிடைப்பாங்கம்மா" என்று வாழ்த்தினார். மனுஷர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

விடுதியில் ஒரு மாடிக்கு ஐந்து அறை, ஒரு சமையலறை. மற்ற நாலு பேரும் அந்த ஊர்க்காரர்கள், மூன்றாம் வருடம் படிப்பவர்கள். அவர்கள் பெயர் என் வாயில் நுழையாததால் நானே வைத்துக்கொண்டேன். நிலைப்படியில் குனிந்து வருகிறவன் நெட்டையன். எதைச் சமைத்தாலும் வெங்காயத்தில் தொடங்கி வெங்காயத்திலேயே முடிப்பவள் வெங்காயக்காரி. அவள் எனக்குப் பக்கத்து அறை. எந்நேரமும் காதை மூடிக்கொண்டு திரிகிறவன் ஹெட்போன். நாலாவது சிடுமூஞ்சி. அவள் காலையில் காபி குடித்து முடிக்கும்வரை சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

கெட்டவர்கள் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. கெட்டவர்களாக இருந்திருந்தால் வாயாரத் திட்டியாவது ஆறியிருப்பேன். எதிரே வந்தால் சிரிப்பார்கள். எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள். முதல் வாரம் நெட்டையன் அப்படிக் கேட்டபோது நான் லூசு மாதிரி உண்மையாகவே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். தூக்கம் வரவில்லை, குளிரில் உதடு வெடித்துவிட்டது, நூலகத்தில் வழி தெரியாமல் அரைமணி நேரம் சுற்றினேன் என்று விலாவாரியாக. பாவம், அவன் கையில் கரண்டியோடு, அடுப்பில் எதுவோ தீய்வதையும் பார்க்காமல், மரியாதையாக நின்று கேட்டான். அதற்குப் பிறகு அவன் கதவைத் தாண்டிப் போய்விட்ட பிறகுதான் எப்படி இருக்கிறாய் என்று கேட்பான்.

வகுப்பிலும் அதே கதைதான். மும்மூன்று பேராகச் சேரச் சொன்னார்கள். மொத்தம் முப்பத்தொரு பேர். மிச்சமானது யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பேராசிரியர் என்னைக் காட்டி, இவளை யார் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஒரு பெண் கை தூக்கினாள். எனக்கு உயிர் வந்தது. அன்று மாலையே அவள் வேலையைப் பங்கு பிரித்து மின்னஞ்சல் அனுப்பினாள். தனித்தனியாகச் செய்து கடைசியில் சேர்த்து ஒட்டினோம். சந்திக்கவே இல்லை.

பேச்சுக் கொடுத்தால் எல்லோரும் இரண்டாவதாகக் கேட்பது எத்தனை நாள் இருப்பாய் என்றுதான். பத்து மாதம் என்றதும் அவர்கள் முகம் மாறும். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள், தண்ணீர் வராது என்று கேட்டதும் ஒரு முகம் வைப்பார்களே, அந்த முகம். அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்தவர்கள் இருக்கிறார்கள். பத்து மாதத்தில் மூட்டை கட்டப் போகிறவளோடு எதற்குப் பழக வேண்டும்? நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அம்மா தினமும் மத்தியானம் ஒன்றரைக்குக் கூப்பிடுவாள். அவளுக்கு அப்போது மாலை ஆறு மணி. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஷிஃப்ட் முடித்து வந்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, காபி டம்ளரோடு உட்காருவாள். ஒரு மணி நேரம் பேசுவோம். நாள் முழுக்க நான் வாய் திறப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதைப் பொய் சொல்லியே செலவழித்தேன்.

அவளுக்கு என் நண்பர்கள் கதை தேவைப்பட்டது. அப்பா என்னை அனுப்பச் சம்மதிக்கவே இல்லை. "பொம்பளப் புள்ள, அங்க யாரு இருக்கா அவளுக்கு?" என்று ஒரே பிடியாக நின்றார். சித்தப்பா, அத்தை எல்லோரும் அப்பா பக்கம். அம்மா ஒருத்தி மட்டும் இரண்டு மாதம் மல்லுக்கட்டி என்னை விமானம் ஏற்றினாள். நான் இங்கே தனியாகக் கிடக்கிறேன் என்று தெரிந்தால் தோற்பது நான் இல்லை, அவள். அதனால் நெட்டையன் எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். வெங்காயக்காரி காதலனோடு சண்டை போட்டுவிட்டு என் தோளில் அழுதாள். சாயங்காலமானால் ஐந்து பேரும் ஆற்றங்கரையில் நடந்தோம். அம்மா டிவி சீரியல் போலத் தொடர்ந்து கேட்டாள். "அந்தப் பொண்ணு அவன் கூட மறுபடி பேசிட்டாளா?" என்று மறக்காமல் விசாரிப்பாள்.

நாலாவது மாதம் மாட்டிக்கொண்டேன். அம்மா நாளெல்லாம் ரத்தக் குப்பிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவள். ஆள் மாறினால் அவளுக்கு உடனே மூக்கில் வேர்த்துவிடும்.

"ஹெட்போன் ஒரு வாரம் அவங்க வீட்டுக்குப் போயிருக்கான்னு செவ்வாக்கிழமதான சொன்ன? நேத்து அவன் கூட எப்படிப் படம் பாத்த?"

அம்மா டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"உண்மையச் சொல்லு. நீ அங்க தனியாவா இருக்க?"

"சேச்சே. என்னம்மா நீ?"

"அவங்கள எனக்குக் காட்டேன். ஒரு தடவ பாத்துக்கிறேன்."

"ஞாயித்துக்கிழம காட்டறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, என்ன பேசுவது என்பதைக் காகிதத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு சமையலறை வாசலில் போய் நின்றேன். நெட்டையன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். ஞாயிறு மத்தியானம் ஒரு ஐந்து நிமிடம் நீங்கள் எல்லோரும் மேசையில் உட்கார முடியுமா, என் அம்மா உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றேன். நண்பர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன். காது மடல் சுட்டது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவுக்குத்தானே? கண்டிப்பா வர்றோம்" என்றான். மற்றவர்களிடமும் அவனே சொன்னான். சிடுமூஞ்சி உட்பட ஒருத்தரும் மறுக்கவில்லை. இவ்வளவு சுலபமா, நாலு மாதம் முன்னாலேயே கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே மிதந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் ஆளுக்கொரு தட்டோடு சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். "வணக்கம்" சொல்லக் கற்றுக்கொடுத்தேன். அம்மா புடவை மாற்றி, பொட்டு வைத்து, கூடத்து விளக்கையெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் அப்பா, சட்டை போட்டிருந்தார். இங்கே நாலு பேரும் ஒன்றாக வணக்கம் சொல்ல, ஹெட்போன் மட்டும் அதில் பாதியை முழுங்கிவிட, எல்லோரும் சிரித்துவிட்டோம். நெட்டையன் என் தோளில் கை போட்டு, உங்கள் மகள் ரொம்ப நல்ல பெண் என்றான். நான் மொழிபெயர்த்தேன். வெங்காயக்காரி தன் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து என் தட்டில் வைத்தாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிடம் நான் நடிக்கவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

போனை அணைத்தேன். நெட்டையன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "சரியா வந்துச்சா?" என்றான். "ரொம்ப" என்றேன். உட்காருங்கள், ஏதாவது பேசலாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஹெட்போன் காதை மூடிக்கொண்டு எழுந்துவிட்டான். அவன் பின்னாலேயே நெட்டையன் தட்டோடு போனான். அடுத்துப் போன சிடுமூஞ்சி, உங்கள் அம்மா அழகாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளிடமிருந்து அது பெரிய வார்த்தை.

வெங்காயக்காரி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நானும் மெதுவாக மென்றேன். முடித்ததும் குளிர்சாதனப் பெட்டியில் அறை எண் போட்டு ஒட்டியிருந்த துப்புரவுப் பட்டியலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த வாரம் மேசை தொடைக்கறது யாரு? நீயா? உனக்கு எந்த ரூம்?"

"அஞ்சு" என்றேன். "உனக்குப் பக்கத்துல."

"ஓ, அப்படியா!" என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். நான் மேசையைத் துடைத்தேன்.

மறுநாள் ஒன்றரைக்கு அம்மா கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு தெம்பு. நான் கிளம்பி வந்ததிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"நேத்து ராத்திரி மாத்திர போடாமத் தூங்கினேன்டி."

"என்ன மாத்திர?"

"தூங்கறதுக்குத்தான். நீ போனதுலேர்ந்து போட்டுட்டு இருந்தேன். அது கெடக்கு விடு. எப்படிச் சிரிச்ச நீ! சின்னப் புள்ளைல சிரிச்ச மாதிரி. உங்கப்பாவே அசந்துட்டாரு."

பின்னாலிருந்து அப்பா, "அந்த நெட்டப் பையன் நல்லவனாத் தெரியறான்" என்றார். அப்பா போனில் என்னோடு பேசுவதே "சாப்பிட்டியா" ஒன்றுதான்.

"அப்புறம் ஒரு விஷயம்" என்றாள் அம்மா. "எங்க லேப்ல ஒரு பொண்ணு, கைக்குழந்தக்காரி. என் சாயங்கால ஷிஃப்ட நீங்க எடுத்துக்கோங்கக்கான்னு மூணு மாசமாக் கெஞ்சினா. இந்த நேரத்துல உன்கிட்டப் பேசணுமேன்னுதான் முடியாதுன்னு சொல்லிட்டிருந்தேன். இன்னிக்குச் சரின்னு எழுதிக் குடுத்துட்டேன். நாளைலேர்ந்து ஆறு மாசம். இனிமே ஞாயித்துக்கிழம பேசிக்கலாம்."

ஆறு மாதம். எனக்கு அங்கே மிச்சமிருந்ததும் அதேதான்.

"வேல முடிஞ்சு வந்து பேசலாமேம்மா?"

"நான் வீடு வர்றதுக்குப் பத்து மணி ஆயிடும். உனக்கு அப்போ சாயங்காலம். நீங்க எல்லாரும் ஆத்தங்கரைல நடக்கற நேரம். அந்த நேரத்துல வந்து நான் ஏன்டி கழுத்தறுக்கணும்? இத்தன நாள் சாப்பாட்டு நேரத்துல உன்னப் பிடிச்சு வச்சுக்கிட்டதே தப்பு. பாவம், அந்தப் புள்ளைங்க உனக்காகக் காத்திருந்திருக்கும்."

"அம்மா, அது வந்து" என்றேன்.

"என்னடி கண்ணு?"

அந்த மாத்திரை அட்டை எங்கே வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். சமையலறை அலமாரியில், அப்பா கை வைக்காத டப்பாவில். இப்போது நான் சொன்னால் இன்று ராத்திரியே அதைத் திறப்பாள்.

"ஒண்ணுமில்லம்மா. சாப்பிடக் கூப்பிடறாங்க."

"யாரு, அந்த வெங்காயப் பொண்ணா?"

"ஆமா."

"அப்ப போ, போ. அவங்களக் காக்க வைக்காத."

அம்மா ஒருநாளும் போனை முதலில் வைத்ததில்லை. நீ வை, நீ வைம்மா என்று கடைசியில் அதற்கே இரண்டு நிமிடம் ஓடும். அன்று அவளே வைத்துவிட்டாள்.