மஞ்சள் கோடு

கிரில் பட்டறைக்காரனுக்கு மண்மேடுகளில் பைக் பந்தயம் ஓட்டும் மோட்டோகிராஸ் டீம் எதற்கு என்று கேட்டுக் கேட்டு ஊருக்கே அலுத்துவிட்டது. டீம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பைக், ஒரு ஓட்டை வேன், பைக் ஓட்ட மனைவியின் தம்பி, வேன் ஓட்டவும் சுற்று எண்ணவும் மனைவி. மேனேஜர், மெக்கானிக், எடுபிடி எல்லாம் இவனே. மச்சினன் கிண்டலாக 'மேனேஜர் மாமா' என்பான். உள்ளூர இவனுக்கு அது பிடிக்கும்.

பட்டறை சம்பாதித்ததையெல்லாம் பைக் தின்று தீர்த்துவிட்டது. இன்று முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் அடுத்த சீசன் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாக டயர் கடைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். வராவிட்டால் பைக்கை விற்க வேண்டியதுதான். அவர் வேலியோரமாகக் குடை பிடித்து நின்றார்.

மச்சினன் மூன்றாவதாகப் பறந்துகொண்டிருந்தான். துள்ளிக் குதிக்க வேண்டிய மேனேஜர் வேர்வையைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினான். சட்டைப் பையில் பெயிண்ட் பாட்டில் விரலில் இடித்தது. வேர்வையை மறந்து பைக்கின் பின்சக்கரத்தைப் பார்த்தான்.

நட்டை முறுக்கி முடித்ததும் அதன் மேலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பது அவன் வழக்கம். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். காலையில் பின்சக்கர நட்டுக்கு வந்தபோது, வழி கேட்டு டயர் கடைக்காரர் போன் செய்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, 'வாங்க சார், வாங்க' என்று குழைந்தபடியே கோடு போட்டது ஞாபகம் இருக்கிறது. முறுக்கியதுதான் ஞாபகம் இல்லை.

முறுக்கியிருப்பேன், இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகச் செய்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். அப்படியானால் ஸ்பேனரைக் கையில் எடுத்த நினைவு ஏன் இல்லை? பைக் பெரிய மேட்டில் எகிறித் தரையில் மோதிய ஒவ்வொரு தடவையும் இவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சக்கரம் கழன்றால் பின்னால் வருகிறவர்கள் பையன் மேல்தான் ஏறுவார்கள். குடையை ஒருமுறை பார்த்தான். பிறகு, ஓட்டுகிறவனுக்குச் சேதி காட்டும் பலகையில் 'நில்' என்று கிறுக்கித் தூக்கிப் பிடித்தான்.

மச்சினன் நின்றான். மூன்றாமிடம் அவனைத் தாண்டிப் போனது.

"என்ன மாமா?"

மேனேஜர் மண்டியிட்டு நட்டின் மேலிருந்த சேற்றை வழித்தான். கோடு உடைந்திருந்தது. ஸ்பேனரை மாட்டி இழுத்தான். சரியான இறுக்கம் வந்தால் 'டக்' என்னும் ஸ்பேனர் அது. இழுத்த வேகத்திலேயே 'டக்' என்றது. நட்டு இம்மியும் அசையவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து மனைவி ஓடிவந்தாள். பைக்கையும் ஸ்பேனரையும் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நான்தாங்க முறுக்கினேன். நீங்க போன்ல இருந்தீங்க. நட்டு கையாலயே சுத்திச்சு."

"கோடு?"

"முறுக்கும்போதே உடைஞ்சிருச்சு. புதுசா போட பெயிண்ட் உங்க பையில இருந்துச்சே." அவள் குரல் இறங்கியது. "எப்பவுமே உங்களுக்கு அப்புறம் நான் ஒரு தடவை பார்த்துருவேன். உங்களை நம்பாம இல்ல. அவன் என் தம்பி."

இவனுக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தைவிடப் பெரிதாக நிம்மதி வந்து கண்ணை மறைத்தது.

டயர் கடைக்காரர் குடையை மடக்கிக்கொண்டு வந்து, வண்டியில் என்ன கோளாறு என்று விசாரித்தார். செயின் என்று சொன்னால் போதும், மனிதர் நம்பிவிடுவார். மச்சினன் அதற்குள் அப்படிச் சொல்ல வாயைத் திறந்தும்விட்டான். இவன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"வண்டில ஒண்ணும் இல்ல சார். நட்டை நான் முறுக்காம விட்டுட்டேன். இவதான் முறுக்கியிருக்கா. அது எனக்குத் தெரியல."

அவர் மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த 'போன் பண்ணுகிறேன்' எப்படிப்பட்டது என்று மூவருக்குமே தெரியும்.

வேனில் பைக்கை ஏற்றிக் கட்டிய பிறகு, அவன் பெயிண்ட் பாட்டிலை எடுத்து மனைவியின் கையில் வைத்தான்.

"இனிமே கோடு நீ போடு."

இனிமேல் எந்த வண்டிக்கு என்று அவள் கேட்கவில்லை. மூடியை இறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.