இரண்டாவது ஹெல்மெட்

விமானிகளின் மண்டைகள் அவளுக்கு மனப்பாடம். யாருக்குப் பின்மண்டை தட்டை, யாருக்கு ஒரு காது இன்னொன்றைவிடக் கீழே, யார் முடிவெட்டிக்கொண்டு வந்தால் ஹெல்மெட் ஆடும் என்பதெல்லாம் அவர்களுடைய மனைவிமார்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் போர் விமானப் படையணியில் பதினான்கு வருடமாக ஹெல்மெட் பார்ப்பதுதான் அவள் வேலை. உள்மெத்தையைத் தலைக்குத் தகுந்தபடி வெட்டுவது, ஆக்சிஜன் மாஸ்க் கசிகிறதா என்று பார்ப்பது, முகக்கண்ணாடியில் கீறல் தேடுவது, எல்லாம் முடிந்து கடைசியில் மஞ்சள் அடிப்பது. விமானிகள் அவளை அக்கா என்பார்கள். அணித்தலைவர் மட்டும் “ஏம்மா” என்பார்.

மஞ்சள் அந்தப் படையணியின் நிறம். நெற்றியிலிருந்து பிடரி வரை நாலு விரல் அகலத்துக்கு மஞ்சள் பட்டை, இரண்டு ஓரத்திலும் கறுப்புக் கோடு. படையணி தொடங்கிய நாளில், ஓடுபாதைக்குக் கோடு போடுகிற மஞ்சளைத் தவிரக் கிடங்கில் வேறு பெயிண்ட் இல்லை, அதனால் வந்த வழக்கம் என்று சொல்வார்கள். பக்கத்துப் படையணிக்குச் சிவப்பு. அவர்கள் இவர்களை மஞ்சள்காமாலைக் கோஷ்டி என்பார்கள், இவர்கள் அவர்களை மூலவியாதிக்காரர்கள் என்பார்கள். புதிதாக வருகிறவன் வெறும் வெள்ளை ஹெல்மெட்டோடுதான் பறக்க வேண்டும். இவனைத் தனியாகச் சண்டைக்கு அனுப்பலாம் என்று அணித்தலைவர் கையெழுத்துப் போட்ட அன்றைக்குத்தான் மஞ்சள். அன்றைக்கு அவன் அவளுடைய மேசைக்கு எதிரே உட்கார்ந்து, பெயிண்ட் காய்கிற வரைக்கும் எழுந்து போக மாட்டான்.

கொக்கு என்று எல்லோரும் கூப்பிட்ட விமானி மஞ்சள் வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆறடிக்கு மேல் உயரம், ஒல்லி, நீளக் கழுத்து. வலது காது மேலே உரசுகிறது என்று மூன்று தடவை வந்து நின்றான். அவள் மெத்தையில் பிறைபோல ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கொடுத்தாள். “இப்பதான்க்கா என் காது என்கிட்டயே திரும்பி வந்திருக்கு” என்றான்.

அந்த வருடம் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஹெல்மெட்டுக்கு இனி பெயிண்ட் கூடாது. தேய்ப்பதாலும் தின்னர் படுவதாலும் ஓடு உள்ளுக்குள் பலவீனமாகிறது. நிறம் வேண்டுமென்றால் டேப் மட்டும் ஒட்டலாம். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் அதை அணித்தலைவரிடம் எடுத்துப் போனாள்.

அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “டேப்பு ரெண்டு நாள்ல உரிஞ்சிடும்மா. நம்ம ஆளுங்க வாழைப்பழத் தோல் மாதிரி தொங்க விட்டுக்கிட்டுப் பறக்கணுமா? ஃபைல்ல வை.”

அவள் ஃபைலில் வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்துக் கொக்குவின் பழைய ஹெல்மெட்டுக்கு ஆயுள் முடிந்து புதியது வந்தது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் டேப் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“டேப்பாக்கா? என்னைப் புதுப்பையன்னு நெனச்சுட்டீங்களா?”

“லெட்டர் வந்திருக்கு சார். பெயிண்ட் வேணாமாம்.”

“லெட்டர் எழுதினவரு எப்பவாச்சும் மேல போயிருக்காரா? அடிங்கக்கா. உங்க கையால அடிச்சாத்தான் எனக்கு ராசி.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு பழையதைப் போலவே வலது காதுக்கு மெத்தையில் பிறை வெட்டினாள், உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தாள், தின்னர் தொட்டுத் துடைத்தாள், மஞ்சள் அடித்தாள். நல்ல வெயில். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

இருபத்திரண்டாம் நாள், தரையிறங்க வரும்போது இன்ஜின் நின்றது. கீழே வீடுகள் இருந்ததால் அவன் விமானத்தை ஒதுக்குப்புறமாகத் திருப்பிவிட்டுத்தான் குதித்தான். அதில் நேரம் போய்விட்டது. பாராசூட் பாதிதான் விரிந்தது. கல்குவாரிச் சரிவில் விழுந்தான்.

மறுநாள் காலை ஹெல்மெட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அடையாளம் சொல்வதற்காக அவளிடம் கொண்டுவந்தார்கள். பெயர் எழுதியிருந்த பக்கம் சிதைந்து போயிருந்தது. உள்மெத்தையில் பிறை வெட்டு இருந்தது. அவள் தலையாட்டினாள். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை இழுத்து வைத்துப் பார்த்தாள். பின்பக்கம் ஓடு விண்டிருந்தது. விரிசல் மஞ்சள் பட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே, கறுப்புக் கோட்டை ஒட்டி, பிடரி வரை போயிருந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தபோது அணித்தலைவர் வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. “ஏம்மா, நாளைக்கு மரியாதை. பெட்டி மேல ஹெல்மெட் வைக்கணும். இதை வைக்க முடியாது. புதுசு ஒண்ணு எடுத்து அவன் பேரு எழுதி மஞ்சள் அடிச்சிடு.”

“சார், இதைக் கொஞ்சம் பாருங்க.”

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “அந்த வேகத்துல விழுந்தா இரும்புச் சட்டியே போட்டிருந்தாலும் பொழைக்க மாட்டான்மா.”

“இருக்கலாம் சார். இல்லாமலும் இருக்கலாம்.”

“விசாரணைக்கு வருவாங்க. எழுதணும்னா எழுது. நான் தடுக்க மாட்டேன்.” வாசல்வரை போய்த் திரும்பினார். “சாயங்காலத்துக்குள்ள காயணும்.”

அவள் அன்று மத்தியானம் இரண்டாவது ஹெல்மெட்டுக்கு மஞ்சள் அடித்தாள். இதைப் போட்டுக்கொண்டு யாரும் பறக்கப் போவதில்லை என்பதால் தின்னரைப் பற்றிக் கவலையில்லை. பதினான்கு வருடத்தில் அவ்வளவு நேராக அவள் கோடு போட்டதில்லை.

விசாரணைக்கு வந்த மூன்று அதிகாரிகளிடம் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். சுற்றறிக்கை வந்தது, அடிக்கச் சொன்னது, அடித்தது, விரிசல் போன வழி, எல்லாவற்றையும் எழுதினாள். தண்டனை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தால் தேவலை என்றுகூட இருந்தது. இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. இன்ஜின் கோளாறு. ஹெல்மெட்டைப் பற்றி ஒரே ஒரு வரி: அதன் நிலைக்கும் உயிரிழப்புக்கும் தொடர்பு இருப்பதாகக் கூற இயலவில்லை. அவளை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“கொக்கு சாரோட பொண்டாட்டிகிட்டயாவது சொல்லணும்” என்றாள் புருஷனிடம். அவன் பஸ் டிரைவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

“உனக்கு மனசு ஆறணும்னா என்கிட்ட தினமும் சொல்லு, கேக்குறேன். அங்க போகாத.”

அவள் போனாள்.

கொக்குவின் மனைவி குடியிருப்பைக் காலி செய்துகொண்டிருந்தாள். கூடமெல்லாம் அட்டைப்பெட்டிகள். உள்அறையில் மாமியார் படுத்திருந்தார். தலைமாட்டில் ஸ்டூல்மேல், மரியாதை முடிந்து வீட்டுக்குக் கொடுத்த அந்த இரண்டாவது ஹெல்மெட் இருந்தது.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கொக்குவின் மனைவி ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“அப்போ பெயிண்ட் அடிக்காம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரா?”

“தெரியலம்மா.”

“விரிசல் அதனாலதானா?”

“அதுவும் உறுதியாத் தெரியல.”

“தெரியாததை எதுக்குக்கா என்கிட்ட கொண்டுவந்தீங்க?” குரல் உயரவே இல்லை. “இன்ஜின் நின்னுச்சு, விதி முடிஞ்சுதுன்னு மனசைத் தேத்தி வெச்சிருந்தேன். இனிமே மஞ்சளா எதைப் பாத்தாலும் இதான் ஞாபகம் வரும். உங்க பாரத்தை இறக்கி வைக்க வேற எடமே கெடைக்கலையா?”

அவள் உள்ளே ஸ்டூல்மேல் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள்.

“அது அவரோடது இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். கையில குடுத்தப்போ மோந்து பாத்தேன். பெயிண்ட் வாசனைதான் வந்துச்சு.” உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அத்தைக்குத் தெரியாது. அதைத் தடவிக் குடுத்துட்டுத்தான் தூங்குறாங்க. அவங்ககிட்டயும் போய் உண்மை சொல்லிடாதீங்க.”

உள்ளிருந்து, “யாரும்மா வந்திருக்கிறது?” என்று மாமியார் கேட்டார்.

“ஆபீஸ்ல இருந்து அத்தை. கெளம்பிட்டாங்க.”

அவள் கிளம்பினாள்.

அடுத்த வாரம் விமானிகள் எல்லோரும் சேர்ந்து அவளுடைய அறைக்கு வந்தார்கள். ஏற்கெனவே மஞ்சள் இருந்தவர்களும் இருந்தார்கள், கொக்கு போனபிறகு அவள் டேப் மட்டும் ஒட்டிக் கொடுத்திருந்த புதியவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். பழசைத் தேய்த்து எடுத்துவிட்டு எல்லோருக்கும் புதிதாக அடிக்க வேண்டும், பிடரியில் சின்னதாக ஒரு கொக்கு வரைய வேண்டும். அவனுடைய நினைவுக்காக.

“அடிக்க மாட்டேன்” என்றாள். விரிசலைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள்.

“அறிக்கையில அப்படி எதுவும் இல்லையேக்கா” என்றான் ஒருவன்.

“இது அவனுக்காகக்கா” என்றான் இன்னொருவன். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

அவள் பெயிண்ட் டப்பாக்களை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அவர்கள் வாகனக் கொட்டகையில் ஸ்ப்ரே டப்பா வாங்கிவந்து தாங்களே அடித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை அறையைத் திறந்தபோது கொக்கியில் பதினொரு ஹெல்மெட்டுகள் தொங்கின. கோடுகள் கோணல்மாணல். மஞ்சள் சில இடங்களில் வழிந்து காய்ந்திருந்தது. கொக்குகள் வாத்துகளைப் போலிருந்தன. ஸ்ப்ரேயில் என்னென்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவள் அதைப் படித்தாள்.

பறப்பதற்குத் தகுதியானது என்று ஒவ்வொன்றுக்கும் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட மறுத்தாள். அணித்தலைவர் கோபப்படவில்லை. “உனக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்மா” என்று சொல்லி, உயிர்காப்பு ஜாக்கெட்டுகள் மடித்து வைக்கிற பிரிவுக்கு மாற்றினார். அன்றைக்கே பக்கத்துப் படையணியில் ஹெல்மெட் பார்க்கிற ஒருவன் வந்தான். பதினொன்றுக்கும் பத்தே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டான்.

அவளுடைய புதிய அறைக்கு ஜன்னல் ஓடுபாதைப் பக்கம் இருந்தது. பதினொரு மணிக்கு இரண்டு விமானங்கள் கிளம்பின. மடித்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மடியில் போட்டுக்கொண்டு, சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் இருந்தாள். அவை திரும்பி வந்து சக்கரம் தரையில் படுகிற வரை, பன்னிரண்டு இருபது வரை, அவளுக்கு வேலை ஓடவில்லை. இரண்டு மணிக்கு அடுத்த இரண்டு கிளம்பின.