பிரசங்க மேடையில் லிஃப்ட் மெக்கானிக்

லிஃப்ட் மெக்கானிக்கை அடக்கம் செய்த வாரத்திலிருந்து அந்தச் சபையின் பிரசங்க மேடையில் யார் ஏறினாலும் அவரைப் பற்றித்தான் பேசினார்கள். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அடக்க ஆராதனையில் நாலு வார்த்தை பேச அவர் மனைவி அனுமதி கேட்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள். பேச வேண்டியதை மனதுக்குள் மடித்து வைத்திருந்தாள். சபைச் செயலர் தன்மையாகத்தான் மறுத்தார். பெண்கள் பின்னறையில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம், பாடகர் குழுவில் பாடலாம். பெரியவர்கள் கூடிய ஆராதனையில் எழுந்து பேசுவது அங்கே வழக்கமில்லை.

"பேசறதுதான் கூடாதும்மா. பாட்டா வேணும்னா பாடிருங்க."

"அவருக்குப் பாட்டுன்னாலே ஆகாதுங்க ஐயா."

பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிறு போதகர் வேதபுத்தகத்தைத் திறந்து, மெக்கானிக் கையிலுள்ள கிரீஸைச் சீனி போட்டுத் தேய்த்துக் கழுவுவார் என்றார். திடுக்கிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் அழுகிறவர்களிடம் மெக்கானிக் வெளியே நின்று சமையல் பக்குவம் கேட்பார், சொல்லி முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிடுவார் என்றுதான் வந்தது. வெளியூர்ப் பிரசங்கி ஒருவர் மெக்கானிக்கின் குறட்டையை விவரித்துவிட்டு முகம் சிவந்து இறங்கினார். வருஷங்கள் போயின. சபையார் பழகிப்போய், வழக்கம்போல் தூங்கவும் ஆரம்பித்தார்கள்.

அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை. தான் சேர்த்து வைத்ததெல்லாம் ஒவ்வொரு வாரமும் அடுத்தவர் வாயில் செலவாகிக்கொண்டிருந்தது. அவருடைய கடைசி நாளைப் பற்றிய ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அதையாவது தானே சொல்ல வேண்டும் என்று, ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தாள்.

கடைசியில் செயலரே வீட்டுக்கு வந்தார். தலைமுடி கொட்டியிருந்தது.

"நீங்களே வந்து ஒரு தடவை பேசி முடிச்சிருங்கம்மா. எங்களால முடியல."

அவள் மேடை ஏறினாள். வாயைத் திறந்ததும் வேதபுத்தகத்தின் ரோமர் நிருபத்துக்கு விளக்கம் வந்தது. போதகர் இத்தனை வருஷமாகச் சொல்ல முடியாமல் விழுங்கிய பிரசங்கங்கள் வரிசையாக வந்தன. நிறுத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் கால் கடுக்க இறங்கி வந்தாள். ஆசீர்வாதம் கூற எழுந்த போதகர் கைகளை உயர்த்தி, கடைசி நாளில் மெக்கானிக் ரொம்பப் பயந்தார் என்றார்.

சபையார் ஆமென் என்றார்கள். சற்றுப் பொறுத்து அவளும் சொன்னாள்.

வாசலில் செயலர் அவளுக்காக நின்றிருந்தார்.

"அடுத்த வாரம் எபிரெயர் நிருபம்மா. கொஞ்சம் சுருக்கமாப் பேசுங்க."

"சரிங்க ஐயா," என்றாள்.