விருந்தாளி நிற்கும் படம்

இழவு வீட்டுக்கென்று அவசரமாகத் தேய்த்து மாற்றிக்கொண்ட சட்டை. அது இப்போது அண்ணனின் ஸ்டுடியோ அறைத் தரையில் கிடந்த நாய் முடியையெல்லாம் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தது. பம்பரம் குப்புறப் படுத்திருந்தான். கண்ணில் அண்ணனின் கேமரா. எதிரே, கை எட்டாத தூரத்தில், நாயின் முதுகு.

"இந்தப் பக்கம் பாருடா. உன்னைத்தான். கொஞ்சம் தயவு பண்ணு."

நாய் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கூம்பு, அது மூச்சு விடும்போதெல்லாம் லேசாக ஆடியது. பம்பரம் முழங்கையால் நகர்ந்து அந்தப் பக்கம் போனான். நாய் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"டேய் பம்பரம், உள்ள என்னடா பண்றே?" ஹாலிலிருந்து சித்தப்பாவின் குரல். "நாற்காலி வந்து இறங்கிடுச்சு. போடறதுக்கு ஆள் வேணும்."

"வரேன் சித்தப்பா. அஞ்சு நிமிஷம்."

வீட்டில் வைத்த பெயர் வேறு. ஓர் இடத்தில் உட்கார மாட்டான் என்று சின்ன வயதில் அண்ணன் வைத்ததுதான் பம்பரம். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை கிடைத்தபோது, மேலும் கீழும் அலைய இவனை விட்டால் ஆள் ஏது என்று வீடே சிரித்தது. மூன்று வாரமாக மருத்துவமனையில் அண்ணனின் கட்டிலருகே அவனால் சேர்ந்தாற்போல் கால் மணி நேரம் உட்கார முடிந்ததில்லை. இன்று காலையிலும் அப்படித்தான். அங்கிருந்த லிஃப்ட் மேலே போகும்போது ஒரு மாதிரி முனகியது. காதில் விழுந்துவிட்டது, விட மனசில்லை. காவலாளியைத் தேடிப் பிடித்து, "கயிறு தேஞ்சிருக்கு, ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது அண்ணி கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்திருந்தவள் எதற்கு எழுந்து நிற்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான்.

அதற்கப்புறம் அண்ணி யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கியதும் அவனிடம் மட்டும் ஒன்று சொன்னாள்.

"வண்டி வர்றதுக்குள்ள அது இந்த வீட்டுல இருக்கக்கூடாது தம்பி."

அண்ணனைக் கொண்டுவரும் வண்டி நாலு மணிக்கு. அது என்றால், இந்த நாய்.

அண்ணன் நாய்களைப் படமெடுத்துப் பிழைத்தவன். சீவிச் சிங்காரித்த நாய்களோடு வருகிறவர்களிடம் காசு வாங்குவான். ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பகத்து நாய்களைச் சும்மா எடுத்துக் கொடுப்பான். படத்தைப் பார்த்து யாராவது வளர்க்க வருவார்கள். இதுவும் அப்படி வந்த நாய்தான். விளக்கு மாட்டியிருந்த கம்பம் சரிந்து விழுந்த சத்தத்தில் மிரண்டு, திறந்திருந்த கேட் வழியாகத் தெருவுக்குப் பாய்ந்துவிட்டது. அண்ணன் பின்னாலேயே ஓடினான். சரக்கு வண்டி இரண்டு பேரையும் சேர்த்துத்தான் அடித்தது. நாய்க்கு இடது பின்னங்கால் தொடையோடு போயிற்று. அண்ணனுக்கு வெளியில் பெரிய காயம் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் உள்ளே இருந்தது.

நினைவு வந்ததும் அவன் கேட்டது நாயைத்தான். காப்பகத்தில் இடமில்லை என்றார்கள். "நம்ம வீட்டுல இருக்கட்டும். நாலு நாள் விருந்தாளி" என்றான். விருந்தாளி என்பதே பெயராகிவிட்டது. அண்ணி அந்தப் பெயரையும் சொல்ல மாட்டாள். அதுக்கு மருந்து போட்டாச்சு, அது சாப்பிட்டுச்சு, அது வழுக்கி விழுந்துச்சு.

வழுக்கித்தான் விழுந்தது. வீடெல்லாம் வழவழப்பான டைல்ஸ். மூன்று காலுக்கு அது ஆகவில்லை. அதனால் அண்ணி கையில் கிடைத்ததையெல்லாம் விரித்தாள். கால்மிதிகள், நைந்த கம்பளம், ரப்பர் விரிப்பு, அண்ணன் தொப்பையைக் குறைக்க வாங்கிச் சுருட்டிவைத்த உடற்பயிற்சிப் பாய். ஓடையைத் தாண்டக் கல் போட்ட மாதிரி, ஸ்டுடியோவிலிருந்து ஹாலுக்கு, ஹாலிலிருந்து வாசலுக்கு. வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்து, பின்பாதி நாயைத் தூக்கிக்கொண்டு அவள் நடப்பாள்; முன்பாதியை நாய் பார்த்துக்கொள்ளும். நாயைக் கண்டால் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறவள் அவள்.

மருத்துவமனையில் அண்ணன் தினமும் கேட்பது ஒன்றே ஒன்று. "நின்னுச்சா?" அதற்காக அண்ணி தன் போனில் படமெடுத்து அனுப்புவாள். நின்றவாக்கில், குனியாமல், பயந்துகொண்டே எடுத்த படங்கள். ஒன்றில் வாலும் கம்பளமும் இருக்கும். இன்னொன்றில் கூம்பு மட்டும். "தலையை வெட்டிட்டா பாரு" என்று அண்ணன் பம்பரத்திடம் காட்டிச் சிரிப்பான். சிரித்தால் வலிக்கும். வலித்தாலும் சிரிப்பான்.

இன்று காலை சித்தப்பா வந்ததும் முதல் காரியமாகப் பாய்களையெல்லாம் சுருட்டி பால்கனியில் போட்டார். நாலு பேர் தூக்கிக்கொண்டு வரும்போது காலைத் தடுக்கும் என்றார். நியாயம்தான். யாரும் மறுக்கவில்லை. விருந்தாளியைப் பம்பரம் தூக்கிவந்து ஸ்டுடியோவில் ஒரு கோணிமேல் உட்காரவைத்திருந்தான்.

காப்பகத்து அம்மா போனில் அழுதாள். அழுது முடித்துவிட்டு வேலையைப் பேசினாள். "இங்க ஒரு கூண்டு கூட காலி இல்லப்பா. ஒரு நல்ல படம் அனுப்பு. உடனே போடறேன். யாராவது கொஞ்ச நாள் வெச்சுக்கறேன்னு சொன்னா நானே வண்டி எடுத்துக்கிட்டு வந்துடறேன். கால் இல்லாதது தெரியணும். உங்கண்ணன் எப்பவும் சொல்லுவார் இல்ல?"

சொல்லுவான். விளக்கைத் தூக்கிக்கொண்டு அண்ணனோடு போன ஞாயிற்றுக்கிழமைகளில் பம்பரம் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறான். ஒற்றைக் கண் நாய் ஒன்றை, ஆரம்ப காலத்தில், கண் இருந்த பக்கமாக அழகாக எடுத்துக் கொடுத்துவிட்டான் அண்ணன். ஆசையாக வந்து கூட்டிப்போனவர்கள் வாரம் முடிவதற்குள் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரே பிடிவாதம்: குறை இருக்கிற பக்கம்தான் கேமராவுக்கு. அதைப் பார்த்தும் பிடித்துப்போய் வருகிறவன்தான் வைத்துக்கொள்வான். அப்புறம், கேமரா நாயின் மூக்குக்கு மேலே போகக்கூடாது. படுத்துத்தான் எடுக்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதாவது! பம்பரத்துக்குக் கால் விரல்கள் தாமாகத் தாளம் போட்டன. நாற்காலி போட வேண்டும். குடிதண்ணீர் கேன் சொல்ல வேண்டும். அண்ணனோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு பேருக்கு இன்னும் தகவல் போகவில்லை. இத்தனையும் இருக்கிறவரை நல்லது என்றும் தோன்றியது. எல்லாம் முடிந்துபோனால் உட்கார வேண்டியிருக்கும். அவனுக்குக் காலையிலிருந்து அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கம்பத்தின் மேல், கேட்டின் மேல், அந்தப் பாழாய்ப்போன லிஃப்ட் கயிற்றின் மேல். அண்ணி கேட்ட இந்த ஒன்றையாவது ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கேமராவைத் தூக்கினான்.

நாய் கொட்டாவி விட்டது.

"அடப் போடா" என்று எழுந்து உட்கார்ந்தான்.

வாசற்படியில் அண்ணி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. யாரோ கொடுத்த தேநீர் கையில் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"எடுத்தாச்சா?"

"திரும்ப மாட்டேங்குது அண்ணி. கால் போன பக்கம் தெரியணும். இது என்னடான்னா முதுகையே காட்டிக்கிட்டு இருக்கு. பிஸ்கட் காட்டினேன், விசில் அடிச்சேன். ஒண்ணுத்துக்கும் மசியல."

"கூப்பிட்டா வராது" என்றாள் அண்ணி. சற்று யோசித்துவிட்டு, "அந்தத் துண்டு எங்க?" என்று கேட்டாள்.

துண்டு ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. தேநீரைக் கீழே வைத்துவிட்டு அவள் அதை எடுத்து உதறினாள். அவ்வளவுதான். விருந்தாளியின் காதுகள் கூம்புக்குள் நிமிர்ந்தன. கழுத்தைத் திருப்பியது. உடம்பைத் திருப்பியது. முன்கால்கள் இரண்டையும் ஊன்றி, கோணியில் நகத்தை மாட்டி, இருக்கிற ஒரே பின்னங்காலை எக்கிக்கொண்டு மெல்ல எழுந்தது.

"இருங்க அண்ணி, பிடிக்காதீங்க. அப்படியே நில்லுங்க."

அவள் துண்டை நீட்டியபடி நின்றாள். பம்பரம் படுத்துவிட்டான். விருந்தாளி நின்றது. ஒரு பக்கம் சாய்ந்து, உடனே சுதாரித்து, நின்றது. தையல் போட்ட பக்கம் முழுக்க வெளிச்சத்தில் இருந்தது. முகம் தூக்கி அவளைப் பார்த்தது. வால் ஆடியது, அதற்கும் சேர்த்து உடம்பு தடுமாறியது. அவன் அழுத்திக்கொண்டே இருந்தான். எத்தனை எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. அந்த நேரம் மட்டும் அவன் கால் விரல்கள் அசையவில்லை.

பிறகு நாய் உட்கார்ந்துகொண்டது. அண்ணி அவன் பக்கத்தில் மண்டியிட்டுக் கேமராவின் பின்பக்கத் திரையை எட்டிப் பார்த்தாள். அவன் ஒவ்வொன்றாகத் தள்ளினான். நடுவில் ஒரு படம். நாய் முழுசாக இருந்தது. ஓரத்தில் துண்டின் முனையும் அவள் விரல்களும்.

"நிக்குது" என்றாள்.

"ஆமா அண்ணி."

"துண்டு இல்லாமயே நிக்குது." அவள் முகம் காலையிலிருந்து இருந்த முகமாக இல்லை. "அனுப்புங்க தம்பி, சீக்கிரம். பாத்துட்டு இன்னிக்காவது அவரு…"

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஹாலில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பம்பரம் கேமராவின் வாரைச் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். அண்ணி எழுந்து, ஆறின தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

விருந்தாளி அவள் பின்னாலேயே கிளம்பியது. அவன் பிடிப்பதற்குள் கோணியைத் தாண்டிவிட்டது. ஹாலின் வெறும் தரையில் முன்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போக, வெட்டுப்பட்ட பக்கமே கீழே படும்படி விழுந்தது. கூம்பு டைல்ஸில் மோதிய சத்தம் வீட்டுக்கே கேட்டது. அதற்கப்புறம் அது போட்ட சத்தம்.

"அதுக்குத்தான் இதை அனுப்பிடச் சொன்னேன்!" சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். கெட்டவர் இல்லை, காலையிலிருந்து நின்று நின்று அவருக்கும் கால் வீங்கியிருந்தது. "ஏம்மா, இதை இன்னுமா அனுப்பல? இதனாலதானே எல்லாம். பெத்த பிள்ளைக்குக் கூட ஒருத்தன் இப்படி ஓட மாட்டான், இவன் ஒரு நாய்க்குப் போயி…"

அண்ணி நாயிடம் போகவில்லை. நேராகப் பால்கனிக்குப் போனாள். பம்பரம்தான் ஓடிப்போய் அதைத் தூக்கி மடியில் போட்டுத் தையலைப் பார்த்தான். பிரியவில்லை. நாயின் இதயம் அவன் உள்ளங்கையில் தடதடவென்று அடித்தது. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்ததோ அந்த அழுகை, ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா முன்னால் வந்து தொலைத்தது. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

சட்டைப் பையில் போன் அடித்தது. காப்பகத்து அம்மா.

"படம் எடுத்துட்டியாப்பா? ஒரு குடும்பம் கேட்டுக்கிட்டு லைன்லயே இருக்காங்க. நல்ல ஆளுங்க. கால் இல்லாட்டியும் பரவாயில்லங்கறாங்க. மணி மூணாகப் போகுது."

அவன் வாயைத் திறக்கும்போது பால்கனியிலிருந்து அண்ணி வந்தாள். இரண்டு கக்கத்திலும் சுருட்டிய பாய்கள். ஸ்டுடியோ வாசலில் மண்டியிட்டு, ரப்பர் விரிப்பைப் போட்டாள். முனையில் சுருண்டதை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். அடுத்து கம்பளம். அதன் விளிம்பு விரிப்பின் விளிம்பைத் தொடுகிறதா என்று பார்த்து, கொஞ்சம் இழுத்துவிட்டாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள்.

"என்னப்பா, கேக்குதா? படம்?"

"எடுத்தேங்க" என்றான் பம்பரம். அண்ணியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரியா வரல."

"சுமாரா இருந்தாலும் அனுப்பு."

"இல்லீங்க. தலை வெட்டுப்பட்டுடுச்சு."

அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அவள் கை ஒரு கணம் கம்பளத்தின் மேல் நின்றது. பிறகு உடற்பயிற்சிப் பாயை விரித்தாள். வாசல்வரை நீளும் கடைசி விரிப்பு அது.

சித்தப்பா இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். அதற்குள், சொன்ன நேரத்துக்கு முன்பே, தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம். எல்லாரும் எழுந்தார்கள். பம்பரம் விருந்தாளியை முதல் விரிப்பில் இறக்கிவிட்டான். ஓட வேண்டும், கேட்டைத் திறக்க வேண்டும். ஆனால் எழுந்திருக்கவில்லை. துண்டை நாயின் வயிற்றுக்கு அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தான். கேட்டை வேறு யாரோ திறந்தார்கள்.

நாலு பேர் அண்ணனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து தயங்கினார்கள். முன்னால் இருந்தவன் கீழே பார்த்தான்.

"பாயை எடுத்துடுங்கம்மா. கால் தடுக்கும்."

அண்ணி சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

"தாண்டி வாங்க" என்றாள்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, மெதுவாக, ஒவ்வொரு பாயாகக் காலைத் தூக்கி வைத்துத் தாண்டி உள்ளே வந்தார்கள்.